குடிக்காத மாமா கட்டிக்கொண்ட கயிறு

கொள்ளிடக் கரையில் ஒரு முனீஸ்வரன் கோயில் வாசலில், ஈர வேட்டியோடு, நடுங்குகிற வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு மாமா நின்ற காலை நேரம் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். குடியை விட வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறவர்கள் அந்தக் கோயிலுக்கு வந்து, ஆற்றில் முங்கி எழுந்து, எரிகிற சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்து, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டிய பிறகு மீறிக் குடித்தால் முனி சும்மா விட மாட்டார், பெண்டாட்டி பிள்ளைகள் மேல் கை வைப்பார் என்று ஒரு பயமும் உண்டு. அன்றைக்கு வரிசையில் மாமாவுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் நின்றார், பின்னால் ஒரு கொத்தனார். எல்லோரும் குடித்துக் குடித்து வீணானவர்கள். மாமா ஒருவர்தான் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவர். பூசாரி அவரைப் பார்த்து, "எத்தன வருசமா பழக்கம்?" என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "ரெண்டு வருசமா சாமி" என்றாள். மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிறு கட்டிக்கொள்ளக் கையைக் காட்டினார்.

மாமா அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையின் லேப்பில் கெமிஸ்ட். எந்த ஆலை என்று சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குப் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் மாமாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் மாமா, "ஏ புள்ள, ஊசியெல்லாம் கொண்டா" என்பார். அந்த வாரத்துக்கு எனக்கு வேண்டிய நிறத்திலெல்லாம் நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார். நூல் முனையை நாக்கில் நனைக்கக்கூட மாட்டார். அவ்வளவு நிதானமான கை. "ஆலையில வேல போனாலும் ஒன் கடையில சேந்துக்கலாம் போல" என்று சொல்வார். "சம்பளமெல்லாம் கெடையாது மாமா, டீயும் வடையும்தான்" என்பேன் நான். கொழுந்தியாளுக்கும் அக்கா புருஷனுக்கும் எங்கள் ஊரில் உள்ள கேலிக்கு அளவே இல்லை. அவரும் சளைக்காமல் பதில் சொல்வார்.

லேப்பில் அவருக்கென்று ஒரு சின்ன அறை. சிமெண்டு எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்று பார்க்கிற அறை அது. ஆலையில் எங்கு பார்த்தாலும் தூசி, அந்த அறைக்குள் மட்டும் வரக் கூடாது என்பதால் ஜன்னலை அடைத்து ஏசி போட்டிருப்பார்கள். கட்டைவிரல் பருமனுள்ள ஓர் எஃகுக் குழாயில் சிமெண்டை அழுத்தி நிரப்பி, அதற்குள் காற்று புகுந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்ப்பார்களாம். அந்தக் குழாயின் கொள்ளளவு மாறாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க, அதில் பாதரசத்தை விளிம்புவரை ஊற்றி, பிறகு அதை எடுத்து எடை போடுவார்கள். மற்றவர்கள் வருவார்கள், வேலையை முடித்துக்கொண்டு போவார்கள். பொழுது முழுக்க அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாமாதான். "வெளியில லாரியும் வெயிலும் மண்ணும். நான் மட்டும் கலெக்டர் மாதிரி ஏசியில இருக்கேன்" என்று எங்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். எப்போதோ ஒருமுறை பாதரச பாட்டில் மேசையிலிருந்து விழுந்து உடைந்ததையும், காகிதத்தால் அள்ளி அள்ளி எடுத்ததையும், எடுக்க எடுக்க உருண்டோடியதையும் என் கடையில் உட்கார்ந்துகொண்டு நடித்தே காட்டியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று கெமிஸ்டான அவருக்கே தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஊசி கோக்க வரவில்லை. நூல் முனை ஊசிக் காதைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. நான் வழக்கம்போல, "வயசாயிருச்சு மாமா, கண்ணாடி போடுங்க" என்று கேலி பண்ணினேன். அவர் முகம் குப்பென்று சிவந்தது. ஊசியை மேசையில் விட்டெறிந்து, "ஒன் வேலையப் பாத்துக்கிட்டுக் கெட" என்று கத்தினார். அவர் என்னை அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, "ஏன் கத்துனேன்னு எனக்கே தெரியல புள்ள. இப்ப அடிக்கடி இப்படி வருது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தையல் மிஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டீக்கடையில் கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது என்று டீக்கடைக்குப் போவதை விட்டார். பந்தியில் நாலு பேர் பார்க்க இலையில் கை ஆடுகிறது என்று கல்யாணங்களுக்குப் போவதை விட்டார். யாராவது உற்றுப் பார்த்தால் நடுக்கம் கூடும். தனியாக இருந்தால் குறையும். அதனால் யாராவது எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். தூக்கம் போயிற்று. கையெழுத்து கோணிப்போய், பேங்கில் செக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வாயில் எந்நேரமும் காசைச் சப்பியது போல ஒரு ருசி இருக்கிறது என்று சொல்வார். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். ஈறு வீங்கி வாய் நாறுகிறது என்று அவரே கூச்சப்பட்டு, சட்டைப் பையில் கிராம்பு போட்டுக்கொண்டு மென்றார். கை நடுக்கம், சிவந்த முகம், எரிந்து விழும் பேச்சு, ஆளைக் கண்டால் ஒளிவது, போதாததற்கு வாயில் கிராம்பு. இதைப் பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அரும்பாவூரில் வெங்காயக் கொல்லை இருந்தது, அது போயிற்று. அம்மாவின் காதிலும் கழுத்திலும் இருந்தது போயிற்று. விடிந்து எழுந்ததும் அவர் டீ குடிக்க உட்கார்ந்தால் தம்ளர் ஆடும். சிந்தாமல் இருக்க அம்மா அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வாள். அவரும் ஏலக்காய் மென்றார். அவரும் எங்கள் இருவர் தலையிலும் கையை வைத்து, "அப்பா குடிக்கலடா கண்ணு" என்று சத்தியம் பண்ணினார். நான் சின்னவள், பாதியும் எனக்கு நினைவில்லை. அக்கா பெரியவள், எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவள். மாமாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிராம்பு கிடைத்த அன்று, அவளுக்கு மேற்கொண்டு விசாரிக்க எதுவும் மிச்சமில்லை. போனில் என்னிடம், "அம்மா கதிதான்டி எனக்கும்" என்றாள்.

மாமா என்ன செய்வார், பாவம். "குடிக்கல" என்று அவர் சொன்னால், குடிப்பவர்கள் எல்லோரும் சொல்கிற அதே பேச்சு. சொல்லும்போது உதடு நடுங்கும். கோபப்பட்டால் போதை ஏறிவிட்டது என்பார்கள், சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டார் என்பார்கள். ஆலை கேட்டில் தினமும் வாயை வைத்து ஊதிக் காட்ட வேண்டும். குடித்தவனை அந்தக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். மாமா ஊதினால் ஒருநாளும் ஒன்றும் காட்டியதில்லை. அதைக் கொண்டுவந்து பெரிய சாட்சியாக அக்காவிடம் சொன்னார். "காலையில ஊதுறீங்க. ராத்திரி குடிச்சது காலையிலயா காட்டும்?" என்று கேட்டாள் அக்கா. கேட்டில் இருந்தவர்களோ, கெமிஸ்ட் அல்லவா, மிஷினை ஏமாற்ற ஏதோ மருந்து கண்டுபிடித்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். ஆள் நல்லவர் என்று காட்டுகிற கருவியும் அவரைக் கள்ளன் ஆக்கியது. உலகத்தில் வேறு யார் நம்பாவிட்டாலும் அக்கா ஒருத்தி நம்ப வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் கிடைக்கவில்லை.

நான் நம்பினேன். நம்பி என்ன பிரயோசனம்? அவர் மேல் ஒருநாளும் வாடை அடித்ததில்லை என்று அக்காவிடம் சண்டை போட்டேன். "நீ என்ன அவர் வாயை மோந்து பாத்தியா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனாலும் வார்த்தை வந்துவிட்டது. கொழுந்தியாள் அதிகம் பரிந்து பேசினால் ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். மாமாவே என்னிடம், "நீ எனக்காகப் பேசாத புள்ள. ஏற்கனவே இருக்குறது போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என் கடைக்கு வருவதும் குறைந்தது.

கயிறு கட்டலாம் என்று சொன்னது அக்கா. மகளைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூருக்கே போய்விடுவேன் என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள். மாமா ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "செய்யாத தப்புக்கு எதுக்கு மாமா சத்தியம்?" என்று கேட்டேன். "குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுறதுல எனக்கு என்ன கஷ்டம்? நான்தான் குடிக்கிறதே இல்லையே. ஒங்க அக்கா நிம்மதியா தூங்குவா" என்றார். படித்தவர், கணக்காகத்தான் யோசித்தார். சூடத்தை அடித்த அந்த நிமிஷமே, தான் குடிகாரன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. கட்டிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் மடியில் ஆடிக்கொண்டிருந்தது.

நடுக்கம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? மறுநாளும் அந்த அறைக்குள்தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அக்காவுக்கு அது சத்தியத்தை மீறிய கை. முன்பு வெறும் சந்தேகமும் வருத்தமுமாக இருந்தது, இப்போது சாமி குத்தமாக மாறியது. அந்த நேரம் பார்த்து மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா கட்டிலின் பக்கத்தில் மாமாவை நெருங்கவே விடவில்லை. "எங்க வச்சுக் குடிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. எம்புள்ளைய முனி எடுத்துக்கிட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். மாமா வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆமா, குடிச்சேன்னே சொல்லிரட்டா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சொல்லிவிட்டால் அடுத்து மன்னிப்புக் கேட்கலாம், கேட்டால் ஒருவேளை கிடைக்கும். குடிக்கவில்லை என்றால் மன்னிப்புக்கூடக் கிடைக்க வழியில்லை.

காய்ச்சல் இறங்கி மகள் வீட்டுக்கு வந்த பிறகு, மாமாவுக்குப் பல் ஆட ஆரம்பித்தது. சாப்பிட முடியாமல் ஆள் பாதியாகிவிட்டார். அரியலூரில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பெரம்பலூருக்கு வந்தார். நான்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டர் அம்மா. ஈறைப் பார்த்தார், வாயில் தேங்கிய எச்சிலைப் பார்த்தார், நாற்காலியின் கைப்பிடியில் ஆடுகிற விரல்களைப் பார்த்தார். இவரும் அதைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கேட்பதற்கு முன்பே, "நான் குடிக்கிறதில்லங்க டாக்டர்" என்றார். அவர் அதைக் காதில் வாங்காமல், "சார், வேலையில பாதரசம் புழங்குறீங்களா?" என்று கேட்டார். பல் அடைக்கிற கலவையில் பாதரசம் உண்டு, அதனால் அதன் கெடுதலைப் பற்றித் தங்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். மாமா பதில் சொல்ல வாயெடுத்தவர், முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். ஒரு மனுஷன் தனக்கு விஷம் ஏறியிருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்ததில் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு பாதரசம் இருந்தது. நரம்பு டாக்டர் அக்காவை உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். பாதரசம் சும்மா கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த ஆவிக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போய் நரம்பிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கும். கை நடுங்கும், தூக்கம் போகும், கோபம் வரும், மறதி வரும், நாலு பேரைக் கண்டால் கூசும். "கோபப்பட்டதும் ஒளிஞ்சதும் அவர் குணம் இல்லம்மா, நோயோட வேலை" என்றார். பிற்பாடு ஆலையில் அந்த அறையின் மேசையை நகர்த்திப் பார்த்தபோது, தரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசலில் வெள்ளியாகச் சின்னச் சின்ன மணிகள் கிடந்தனவாம். அறையைப் பூட்டி, மாமாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வெளியில் பேச வேண்டாம் என்றும் பக்குவமாகச் சொல்லி வைத்தார்கள். அக்கா திருச்சி ஆஸ்பத்திரி வாசலில், போகிற வருகிற ஜனம் பார்க்க, மாமாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னைய மன்னிச்சிருங்க" என்றாள். மாமா, "வா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

மாத்திரை சாப்பிட்டார். அந்தக் காற்றை விட்டு விலகியதே பாதி மருந்து என்றார்கள். மாதங்கள் போகப் போக நடுக்கம் அடங்கிற்று. ஈறு ஆறியது, இரண்டு பல் மட்டும் போயிற்று. மறதி கொஞ்சம் தங்கிவிட்டது. மறுபடியும் டீக்கடைக்குப் போனார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தார். அங்கேதான் மறுபடியும் மாட்டிக்கொண்டார். "பாத்தியா, கயிறு கட்டுனதும் ஆளே மாறிட்டாரு" என்றார்கள். "ரெண்டு வருசக் குடிய ஒரே நாள்ல விட்டுட்டீங்களே சார், பெரிய மனசு வேணும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நோயாக இருந்தபோது நடுக்கம் அவரைக் குடிகாரன் என்றது. குணமானபோது, நடுங்காத கையும் அவர் முன்னால் குடிகாரராக இருந்தவர் என்றே சொன்னது. ஆவி, நரம்பு, விரிசல் என்று அவர் விளக்க ஆரம்பித்தால், பாதியிலேயே அவர்கள் கண் அவர் மணிக்கட்டுக்குப் போகும். கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். நேர்ந்துகொண்ட கெடு முடியாமல் அவிழ்த்தால் மகளுக்கு ஆகாது என்று அக்கா பயந்தாள். டாக்டர் சொன்னதையும் நம்பினாள், முனியையும் நம்பினாள். மாமா சட்டைக் கையை முழுசாக இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அரியலூரில் அக்கா வீட்டில் இருந்தேன். வாசலில் ஒரு பெண் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஜெயங்கொண்டம் பக்கமாம். "சார் வூடு இதுதானுங்களா?" என்று கேட்டு உள்ளே வந்தவள், மாமாவைக் கண்டதும் கும்பிட்டாள். "இவரு ரெண்டு தரம் கயிறு கட்டி, ரெண்டு தரமும் மீறிட்டாருங்க. நீங்க கட்டுனதோட விட்டுட்டீங்கன்னு கோயில்ல சொன்னாங்க. எப்படி விட்டீங்கன்னு இவருக்கு ஒரு வார்த்த சொல்லுங்க சார். எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு" என்றாள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேட்டி நுனியைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது. மாமா அந்தக் கையையே பார்த்தார். அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "நான் குடிச்சதே இல்லம்மா. எனக்கு வந்தது வேற நோவு" என்றார்.

குனிந்திருந்தவன் நிமிர்ந்து சிரித்தான். "நானும் அதத்தான் சார் சொல்றேன். இவ எங்க நம்புறா?"

சமையல்கட்டிலிருந்து அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள். வெளியாள் முன்னால் அவள் இதைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவரு குடிக்கலம்மா. சத்தியமா குடிக்கல. ஆலையில பாதரசம் ஒடம்புல ஏறிருச்சு. டாக்டர் ரிப்போர்ட்டு உள்ள இருக்கு, எடுத்தாரேன் பாரு" என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

அந்தப் பெண் அக்காவை இரக்கத்தோடு பார்த்தாள். கிட்டே வந்து அவளுடைய ஈரக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். "விடுங்கக்கா. நானும் இப்படித்தான் இவரு குடிக்கலன்னு வருசக்கணக்கா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள்.

அக்கா அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல், மாமாவைப் பார்த்தபடியே நின்றாள்.